டாலர் கணக்கு கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே, உக்காருங்க. கையில என்ன அத்தனை பளபளப்பு? கல்யாணப் பத்திரிகைதான்னு நெனச்சுட்டேன். பாத்தா நாலு பேங்க்கு நோட்டீசு. நாலுலயும் கோட்டு போட்ட ஒரு பையன் லேப்டாப்பைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கறான். இத்தனை வருசமா திருப்பூர்ல பனியன் தொழில் பாத்திருக்கறேன், லேப்டாப்பைப் பாத்துச் சிரிச்ச எக்ஸ்போர்ட்டர் ஒருத்தரை நான் கண்டதில்லை.

ஜாப் ஒர்க் தெச்சுக் குடுத்துட்டிருந்த புள்ளை, இப்ப நேரா வெளிநாட்டு ஆர்டரே புடிச்சுட்டே. சந்தோசம். ஏத்துமதிக்கு வேணும்ங்கற ஐஇசி நம்பர் வாங்கியாச்சு. கம்பெனிப் பேரைப் பெருசா எழுதிப் போர்டு மாட்டியாச்சு. இனி டாலர்ல ஒரு கணக்கு இருந்தாத்தான் ஊர்ல எக்ஸ்போர்ட்டர்னு ஒத்துக்குவாங்கன்னு உன்ற மச்சினன் சொன்னானாக்கும். எந்த மச்சினன், துபாய்ல இருக்கறவனா? எஃப்சிஎன்ஆர் போடு, வட்டி வரும்னானா? நல்லாத்தான் சொன்னான். அது அவனுக்கு. வெளிநாட்டுல குடியிருக்கறவங்க போடற டெபாசிட்டு அது. நீ பெருமாநல்லூர்ல குடியிருக்கறே. உனக்கு அது வேணும்னா மொதல்ல உன்னைய நாடு கடத்தோணும். உன்ற பொண்டாட்டி சம்மதிச்சாலும் சம்மதிப்பா. உன்ற அம்மா, என்ற அக்கா, விட மாட்டா.

உனக்குன்னு சர்க்கார் வெச்சிருக்கறது ஈஈஎஃப்சி. ஏத்துமதி பண்ணி வந்த டாலரையோ யூரோவையோ ரூபாயா மாத்தாம அப்படியே போட்டு வெச்சுக்கற நடப்புக் கணக்கு. வந்த காசுல நூத்துக்கு நூறும் போடலாம். வட்டி? ஒரு பைசா கெடையாது கண்ணு. வட்டி வாங்காம பேங்க்குக்குக் காசு குடுத்து வெக்கற புண்ணியம் இந்த வயசுலயே உனக்கு வாய்ச்சிருக்குது, நழுவ விட்றாதே. அந்த இருப்பைக் காட்டிக் கடன் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் எழுதி வெச்சிருக்குது. ஒருக்கா ரூபாயா மாத்திட்டா, அதையே மறுக்கா டாலராக்கி உள்ளே போடவும் வழியில்லை.

அப்புறம் எதுக்கு மாமா அந்தக் கணக்குன்னு இப்ப நீ கேக்கோணும். கேக்க மாட்டீங்கறே. நோட்டீசைத்தான் தடவிட்டிருக்கறே. சரி, நான் ஒன்னு கேக்கறேன். டாலர்ல நீ யாருக்குக் காசு குடுக்கறே?

வாங்கறதைக் கேக்கலைப்பா. குடுக்கறதைக் கேக்கறேன். நூலு எங்க வாங்கறே? இங்கதான். சாயம் எங்க போடறே? இங்கதான். அட்டைப்பெட்டி, பாலி பேக், கரண்டு பில்லு, சனிக்கிழமையானா தெக்கற புள்ளைகளுக்குச் சம்பளம், எல்லாம் ரூபா. இந்த வாரம் செக்கிங் பண்ற அம்மிணிக்கு ஒரு டாலர் நோட்டை நீட்டிப் பாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "இது எந்தக் கடையில செல்லுமுங்க"ன்னு திருப்பிக் குடுத்துரும். எல்லாத்தையும் ரூபாயிலயே செலவு பண்றவனுக்கு டாலர்ல கணக்கு எதுக்கு? சட்டைப் பையில பேனா வெக்கறதுக்கா?

கோவிச்சுக்காதே. ஜிப்பர் ஹாங்காங்ல இருந்து வருதா? அப்படிச் சொல்லு! பையரே இன்னார்கிட்டத்தான் வாங்கோணும்னு நாமினேட் பண்ணி விட்டானாக்கும். லேபிளும் அவன் சொல்ற எடத்துலதான். கூடவே ஐரோப்பாவுல ஏஜெண்டுக்குக் கமிஷன். இப்பத்தான் நீ பேச்சுக்கு வந்திருக்கறே.

இப்ப ஒரு கணக்குப் போடலாம், பேனாவை எடு. டாலர் வெலை 90னு வெச்சுக்கோ. உனக்கு 50,000 டாலர் வருது. அதுல 12,000 டாலர் ஜிப்பர்காரனுக்குப் போகோணும். ஈஈஎஃப்சி இல்லைன்னா பேங்க்காரன் மொத்தத்தையும் ரூபாயாக்குவான். சந்தையில 90ன்னா உனக்கு 89.70 தருவான். பத்து நாள் கழிச்சு நீயே போயி ஜிப்பருக்கு டாலர் வேணும்னு நின்னா, அதே டாலரை 90.30ன்னு விப்பான். உன்ற டாலர்தான் அது. அவன் கையில போயிட்டு வந்ததுக்கு 60 பைசா. 12,000 டாலருக்கு 7,200 ரூபா. போறப்ப ஒரு ஜிஎஸ்டி, வர்றப்ப ஒரு ஜிஎஸ்டி. அதையாவது இன்புட்ல எடுத்துக்கலாம், அந்த 60 பைசா போனது போனதுதான். ஷிப்மெண்டுக்கு ஷிப்மெண்ட் இப்படிப் போனா வருசத்துல எத்தனை ஆச்சுன்னு நீயே பெருக்கிப் பாரு. அந்தக் காசுக்கு நோட்டீசுல சிரிக்கறானே அவனுக்கு ஒரு கோட்டு வாங்கிக் குடுக்கலாம். ஏற்கெனவே வாங்கித்தான் குடுத்திருக்கறோம், அதனாலதான் சிரிக்கறான்.

அதனால 12,000 டாலரை ஈஈஎஃப்சியில போடு. அங்கிருந்தே ஹாங்காங்குக்குப் போகட்டும். இதுக்குத்தான் அந்தக் கணக்கு.

மிச்சம் 38,000 டாலரா? அதையும் அங்கயே போட்டு வெச்சுட்டு, டாலர் ஏறினதும் மாத்தலாம்ங்கறே. பாரு, இந்த எடத்துலதான் நம்மாளுங்க எல்லாரும் பொருளாதார நிபுணர் ஆகறது. ஈரோட்டுக்காரன் மஞ்ச மூட்டையை குடோன்ல அடுக்கிட்டு வெலையைப் பாத்துட்டிருக்கற மாதிரி நீயும் பாக்கலாம்னு நெனைக்கறே. மஞ்சக்காரன் வருசக்கணக்கா வெச்சிருந்தாலும் கேக்க ஆளில்லை. உன்ற மூட்டைக்கு ரிசர்வ் பேங்க் தேதி போட்டிருக்குது. ஒரு மாசத்துல உள்ளே வந்த டாலரை அடுத்த மாசக் கடைசி நாளுக்குள்ள ரூபாயாக்கியாகோணும். ஜூன் 3ந் தேதி வந்தாலும் ஜூலை 31தான் கெடு, ஜூன் 29ல வந்தாலும் அதே ஜூலை 31தான். ஜிப்பர்காரனுக்கு ஆகஸ்ட்ல குடுக்கோணும்னு ஆர்டர் காயிதம் காட்டினா, அந்த அளவுக்கு வெச்சுக்க விடுவாங்க. "டாலர் ஏறும்னு என்ற மச்சினன் சொன்னான்"ங்கறது காயிதத்துல வராது.

இந்தக் கெடு சும்மா வரலை. 2012ல ரூபா சரிஞ்சுட்டே போச்சு. எக்ஸ்போர்ட்டருங்க டாலரை மடியில கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. மே மாசம் ரிசர்வ் பேங்க், ஈஈஎஃப்சியில இருக்கறதுல பாதியை உடனே ரூபாயாக்குன்னு ஒரே போடு போட்டுது. ஜூலைக் கடைசியில மனசு எரங்கி, நூத்துக்கு நூறும் வெச்சுக்கோ, ஆனா அடுத்த மாசக் கடைசிக்குள்ள மாத்துன்னு சொல்லிருச்சு. அந்தச் சட்டம்தான் உனக்கு. இன்னொரு வேடிக்கை கேளு. அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட்ல 50 சதவீதம் வரி போட்டு நம்ம ஊரு தடுமாறினப்போ, வெளிநாட்டுல நிக்கற பாக்கியைக் கொண்டு வர்றதுக்கு 9 மாசம்னு இருந்த கெடுவை நவம்பர்ல 15 மாசம் ஆக்கினாங்க. உன்ற டாலரை பையர் வெச்சிருந்தா 15 மாசம். நீ வெச்சிருந்தா அடுத்த மாசக் கடைசி. நம்ம காசு அவங்கிட்ட இருந்தாத்தான் சர்க்காருக்கே நம்பிக்கை.

கெடுவை விடு. ரெண்டு மாசம் கெடைக்குதே, அதுக்குள்ள ஏறாதான்னு கேப்பே. ஏறலாம். உன்ற கேஷ் கிரெடிட்டுக்கு என்ன வட்டி கட்டறே? பத்தா? ஒரு டாலர்னா 90 ரூபா. 90 ரூபாய்க்கு வருசம் 9 ரூபா வட்டி, மாசத்துக்கு 75 பைசா. அப்ப நீ டாலரை வட்டியில்லாம ஒரு பேங்க்ல தூங்க வெச்சுட்டு, இன்னொரு பக்கம் கடனுக்கு டாலர் ஒன்னுக்கு மாசம் 75 பைசா அழுதுட்டிருப்பே. ஒரு மாசத்துல 75 பைசா ஏறினா அசலுக்கு அசல். ரெண்டு மாசம்னா ஒன்றரை ரூபா ஏறியாகோணும். அதுக்கு மேல ஏறினாத்தான் லாபம். 38,000 டாலருக்கு மாசம் 28,500 ரூபா இப்படிப் போகும். டாலர் ஏறுதான்னு தெனம் காலையில செல்போன்ல பாக்கறதுக்கு இத்தனை வாடகை எந்த ஊர்லயும் கெடையாது. உன்ற அம்மா சிலுவாட்டுக் காசை அரிசிப் பானைக்குள்ள போட்டு வெக்கறா, அதுக்கும்தான் வட்டியில்லை. ஆனா அவ யாருக்கும் கடன்காரி இல்லை.

அதனால கடன் இருக்கறவன் வந்த டாலரை மாத்திக் கடனை அடைக்கோணும். அதையும் விடச் சூட்சுமம் ஒன்னு இருக்குது. ஷிப்மெண்டுக்கு முன்னாடி வாங்கற பேக்கிங் கிரெடிட் கடனையே டாலர்ல வாங்கலாம், பிசிஎஃப்சிம்பாங்க. முன்னெல்லாம் லைபார்னு ஒரு வட்டியை வெச்சுக் கணக்குப் போட்டாங்க, அது போயி இப்ப சோஃபர் வந்திருக்குது. அது மேல பேங்க்காரன் தன்ற பங்கைச் சேத்துச் சொல்லுவான். டாலர்ல வாங்கினதை, ஷிப்மெண்ட் போயி வர்ற டாலர்லயே கழிச்சுக்கலாம். ஏறுதோ எறங்குதோ, அந்தத் தொகைக்கு உனக்கு வெசனமில்லை. ரூபாக் கடனும் டாலர்க் கடனும் ரெண்டுலயும் மொத்தமா என்ன விழுகுதுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதித் தரச் சொல்லு. எழுதித் தர யோசிச்சான்னா எதுல அவனுக்கு லாபம்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு.

டாலர் ஏறத்தான் செய்யும், எறங்கவே எறங்காதுன்னு மச்சினன் சொன்னானா? அவன் 2007ல பள்ளிக்கூடத்துல படிச்சுட்டிருந்திருப்பான். வருசத் தொடக்கத்துல 44 ரூபா இருந்த டாலர், வருசம் முடியறப்ப 39 சில்லறை. 44ன்னு வெச்சு ரேட் குடுத்து ஆர்டர் எடுத்தவன் எல்லாம் சட்டையைத் தெச்சு அனுப்பிட்டு, கூடவே அஞ்சு ரூபாயையும் ஒட்டி அனுப்பிச்சான். அந்த நேரம் பாத்துத்தான் சில பேங்க்காரங்க கோயமுத்தூர், திருப்பூர்னு வந்து எறங்கினாங்க. "செலவே இல்லீங்க, நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க." செலவே இல்லாம பேங்க்காரன் ஒன்னு தர்றான்னா எந்திரிச்சு ஓடியிருக்கோணும். நம்மாளுங்க காப்பி வாங்கிக் குடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க.

என்ன காயிதம்ங்கறே? டெரிவேட்டிவ். டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் பந்தயம். நாம அனுப்பறது ஜட்டி, பனியன், டி-ஷர்ட். சுவிட்சர்லாந்துல நமக்கு ஒறம்பரையும் கெடையாது, ஓரியாட்டமும் கெடையாது. ஆனா 2008 மார்ச்ல ஒரு டாலர் ஒரு பிராங்குக்கும் கீழ போனப்ப, திருப்பூர்ல சில பேரோட வயித்துல புளி கரைஞ்சுது. பல வருச லாபம் ஒரே காயிதத்துல கரைஞ்சவங்க உண்டு. கோர்ட்டுக்குப் போனாங்க. கோயமுத்தூர் சக்கரை ஆலை ஒன்னு, இது சூதாட்டம், செல்லாதுன்னு கேஸ் போட்டுது. 2008 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம், இது சூதாட்டம் இல்லைன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. ரிசர்வ் பேங்க்கும் சும்மா இருக்கலை; விதிமுறையை மீறி டெரிவேட்டிவ் வித்ததுக்காக 2011 ஏப்ரல்ல 19 பேங்க்குக்கு அபராதம் போட்டுது. கையெழுத்துப் போட்டவனுக்குக் காப்பிச் செலவும் திரும்பலை.

அப்புறமேட்டுக்கு 2013 ஆகஸ்ட்ல டாலர் 68ஐத் தாண்டுச்சு, 2025 டிசம்பர்ல 90ஐத் தாண்டுச்சு. மொத்தத்துல மேல போற சாமான்தான், ஒத்துக்கறேன். ஆனா உன்ற சம்பள நாள் பாத்து அது ஏறாது. ரேட் எறங்கிருமோன்னு பயமிருந்தா, ஆர்டர் கைக்கு வந்த அன்னிக்கே ஃபார்வர்டு போட்டு வித்துரு. மூனு மாசம் கழிச்சு வர்ற டாலருக்கு இன்னிக்கே ரேட் பேசிக்கறது. ரூபா வட்டி டாலர் வட்டியை விட எச்சா இருக்கறதால, மூனு மாசத்து டாலருக்கு இன்னிக்கு வெலையை விடச் சித்தெ கூடவே தருவான். ஈஈஎஃப்சியில சும்மா கெடக்கற டாலருக்கு அதுவும் கெடையாது. ஆனா ஷிப்மெண்ட் தள்ளிப் போனா, போட்ட ஃபார்வர்டைக் கேன்சல் பண்ணவோ தள்ளவோ காசு கேப்பான். அதனால மொத்தத்துக்கும் போடாதே. பாதிக்குப் போடு, மிச்சம் பாதிக்கு மச்சினனோட ஜோசியத்தை நம்பு.

இனி உன்ற நோட்டீசுக்கு வர்றேன், குடு இங்க. எந்த பேங்க்ல போடலாம்? இதுல கணக்குத் தொறக்கக் கட்டணமில்லைன்னு பெரிய எழுத்துல போட்டிருக்குது. இன்னொன்னுல வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்குவாங்களாம். வரட்டும், மோர் குடுத்து அனுப்பலாம். நாலு நோட்டீசையும் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், ஒன்னுலயும் ஒரே ஒரு சங்கதி இல்லை. டாலருக்கு சந்தை வெலையிலிருந்து எத்தனை பைசா எடுத்துக்குவேன்னு ஒருத்தனும் போடலை. இருக்கற சாமான்ல முக்கியமான சாமானுக்கு வெலைப் பட்டியல் இல்லாத கடை இது ஒன்னுதான்.

காலையில பேங்க்காரன் ஒரு ரேட் போடுவான், கார்டு ரேட்டும்பாங்க. அது நாலு பேர் கேக்காம வாங்கிட்டுப் போறதுக்காகப் போடறது. கேக்கறவனுக்கு வேற ரேட். 50,000 டாலர்ல பத்து பைசா மாறினா 5,000 ரூபா. நாப்பது பைசான்னா 20,000. கேக்கறதுக்கு ரெண்டு நிமிசம் ஆகும். நிமிசத்துக்குப் பத்தாயிரம் சம்பளம், துபாய் மச்சினனுக்கே கெடைக்காது. ஆனா நீ வாயைத் தொறக்கலைன்னா, டாலர் வந்ததும் பேங்க்லயே கார்டு ரேட்ல மாத்திக் கணக்குல வரவு வெச்சுட்டு, "கிரெடிட் ஆயிருச்சுங்க சார்"னு மெசேஜ் அனுப்பிருவாங்க. நீயும் நன்றின்னு கும்பிடு போட்டு பதில் அனுப்புவே. அதனால மொதல் நாளே எழுதிக் குடு: எங்கிட்டக் கேக்காம ஒரு டாலரையும் மாத்தாதேன்னு.

ரேட் கேக்கறதுக்கும் மொறை இருக்குது. "இன்னிக்கு என்னங்க ரேட்டு"ன்னு கேக்காதே, பால்காரன்னு நெனச்சுருவான். சந்தையில ஓடற ரேட்டைக் கையில வெச்சுட்டுக் கேளு. சிசிஐஎல்ங்கற நிறுவனம் 2019 ஆகஸ்ட்ல எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல்னு ஒரு மேடை போட்டு வெச்சிருக்குது. சின்ன ஆளுங்களும் அதுல நேரா சந்தை வெலையைப் பாத்து டாலரை விக்கலாம், வாங்கலாம். பேங்க்குக்கு எத்தனைங்கறதை முன்னாடியே பேசி முடிச்சுக்கலாம். அதுல சேரோணும்னா உன்ற பேங்க் மூலமாத்தான் சேரோணும். நாலு பேங்க்லயும் போயி, "எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல்ல சேத்து விடுவீங்களா"ன்னு கேளு. எந்த மேனேஜர் மொகம் கொஞ்சமா மாறுதோ அவங்கிட்டப் பேச்சைத் தொடரு. மொகம் மாறாம "அப்படின்னா என்னங்க"ன்னு கேட்டான்னா எந்திரிச்சு வந்துரு.

இன்னொன்னு, அன்னிக்கே காசு வேணும்னா கேஷ் ரேட், மறுநாள்னா டாம், ரெண்டு வேலை நாள் கழிச்சுன்னா ஸ்பாட். ஸ்பாட்டுக்குத்தான் முழு வெலை. அவசரப்பட்டு அன்னிக்கே கேட்டா ரெண்டு நாளைக்கு உண்டானதைக் கழிச்சுக்குவான். சம்பள நாள் சனிக்கிழமைன்னு தெரிஞ்சும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடறவனுக்குன்னே அந்தக் கழிவு.

ஆனா மாப்ளே, இத்தனை சொல்லியும் உனக்கு ஒரு சங்கடம் இருக்குது. கடன் எந்த பேங்க்ல? குமரன் ரோட்டுக்காரங்கிட்டயா? அப்ப நாலு நோட்டீசையும் மடிச்சு வை. லிமிட் குடுத்தவன், உன்ற பில்லெல்லாம் எங்க மூலமாத்தான் போகோணும்னு சாங்ஷன் லெட்டர்ல எழுதியிருப்பான். நீ கையெழுத்துப் போட்டிருக்கறே, படிக்கலை. இப்ப அவங்கிட்டத்தான் ஈஈஎஃப்சியும் தொறக்கோணும். வெளிய நாலு பேர்கிட்ட ரேட் கேட்டதெல்லாம் வீணில்லை. அதை எடுத்துட்டுப் போயி அவங்கிட்டக் காட்டு. லிமிட் புதுப்பிக்கற மாசம் எதுன்னு பாத்துக்கோ. அந்த மாசம்தான் அவனுக்கு காது நல்லாக் கேக்கும். டாலருக்கு இத்தனை பைசாவுக்கு மேல எடுக்க மாட்டேன்னு சாங்ஷன் லெட்டர்லயே வாங்கிக்கோ. வாயில சொன்னது மேனேஜர் டிரான்ஸ்ஃபர் ஆகற வரைக்கும்தான்.

கிளையையும் பாரு. வீட்டுக்குப் பக்கத்துல இருக்குதுன்னு போடாதே. எல்லாக் கிளையிலயும் அந்நியச் செலாவணி வேலை தெரிஞ்ச ஆளு இருக்கறதில்லை. உன்ற காயிதத்தை வாங்கி, கோயமுத்தூருக்கோ மெட்ராசுக்கோ தாட்டி உடுவாங்க, அங்கிருந்து ஒரு கேள்வி வரும், அதுக்கு நீ பதில் எழுதறதுக்குள்ள பையர் அடுத்த சீசனுக்கு சாம்பிள் கேட்டிருப்பான். ஷிப்பிங் பில்லு ஒவ்வொன்னும் இடிபிஎம்எஸ்னு ஒரு கணக்குல ஏறும். காசு வந்து, அது இந்த பில்லுக்கானதுன்னு பேங்க் முடிச்சு விட்டாத்தான் கணக்கு அடையும். அட்வான்சா வந்தா பி0103, அனுப்பின பில்லுக்கு வந்தா பி0102ன்னு கோடு வேற இருக்குது. தப்பாப் போட்டா காசு வந்தும் பில்லு தொறந்தே கெடக்கும், ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தன் போன் பண்ணி, "இந்த ஷிப்மெண்டுக்குக் காசு வந்துச்சாங்க"ன்னு உன்னையக் கேப்பான். அன்னிக்கு மேனேஜரும் இருக்க மாட்டான், உன்ற அக்கவுண்டண்ட் பையனும் வேற கம்பெனி போயிருப்பான். பத்து பைசா எச்சா எடுத்தாலும் பில்லை ஒழுங்கா முடிச்சுக் குடுக்கற கிளை நல்ல கிளைன்னு நான் சொல்லுவேன். முப்பது பைசாவுக்குச் சொல்ல மாட்டேன்.

செல்போன்லயே நியூயார்க் கணக்கு நம்பர் தர்ற கம்பெனிங்க வந்திருக்குதாம், உன்ற மகன் காட்டினான். பையர் அவன் ஊர்ல இருக்கற பேங்க்குக்குப் போடறாப்பல போட்டா, இங்க ரூபாயா வந்து விழுகுமாம். ஸ்விஃப்ட்ல வர்றப்ப நடுவுல இருக்கற பேங்க்கு புடிச்சுக்கற இருபது, முப்பது டாலர் மிச்சமாம். சின்னச் சின்ன ஆர்டருக்கு, சாம்பிள் காசுக்கு, தாராளமாப் பண்ணு. ரிசர்வ் பேங்க் 2023 அக்டோபர்ல அதுக்கும் சட்டம் போட்டு வெச்சிருக்குது. அப்ப ஒரு உருப்படிக்கு 25 லட்சம் ரூபா வரைக்கும்தான்னு வரம்பு வெச்சாங்க. இப்ப வரம்பு எப்படின்னு மொதல்ல கேட்டுக்கோ. அதுக்கு மேல நீ கேக்க வேண்டியது, காசு வந்ததுக்கு ஃபைரா காயிதம் குடுப்பானா, அதை வெச்சு உன்ற பேங்க் ஷிப்பிங் பில்லை முடிச்சுக் குடுக்குமா, இந்த ரெண்டுதான். ரூபாயா வர்றதால ஜிப்பர்காரனுக்கு அதுல இருந்து போகாதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோ.

வெளிநாட்டுலயே கணக்குத் தொறக்கலாம்னு 2025 ஜனவரியில விட்டிருக்கறாங்க, தெரியும். அங்கயும் அடுத்த மாசக் கடைசிக் கெடு உண்டு. குஜராத்து கிஃப்ட் சிட்டியில தொறந்தா மூனு மாசம்னு அக்டோபர்ல அறிவிச்சாங்க. மாசம் நாலு கண்டெய்னர் போகட்டும், அப்பப் பேசலாம். இப்ப நீ அனுப்பறது கண்டெய்னர்ல பாதி. மிச்சப் பாதியில எவனோட சரக்கோ போகுது.

என்ன கரன்சின்னு கேட்டியே, நல்லதாப் போச்சு. பையர் ஜெர்மனின்னா யூரோவுல பில் போடச் சொல்லுவான். ஜிப்பர் டாலர்ல. யூரோவை டாலராக்கி ஜிப்பருக்குக் குடுத்தா அங்கயும் பேங்க்காரன் ஒரு வெட்டு வெட்டுவான், ஈஈஎஃப்சி தொறந்த பிரயோசனம் பாதி போச்சு. டாலர்லயே பில் போடறேன்னு பையரைக் கேட்டுப் பாரு. முடியாதுன்னா ஜிப்பர்காரனை யூரோவுல வாங்கிக்கறியான்னு கேளு. கேக்கறதுக்கு ஜிஎஸ்டி இல்லை.

சரி, கெளம்பு. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் கேட்டுட்டுப் போ. கணக்குத் தொறந்து, ஸ்விஃப்ட் கோடெல்லாம் போட்டு இன்வாய்ஸ் அனுப்பிச்சதும், எவனாவது உன்ற மெயிலுக்குள்ள பூந்து, உன்ற பேர்லயே பையருக்கு எழுதுவான்: "எங்க பேங்க் மாறிப் போச்சுங்க, இனி இந்தக் கணக்குல போடுங்க"ன்னு. பையரும் போட்டுருவான். காசு எந்த நாட்டுக்குப் போச்சுன்னு தேடறதுக்குள்ள வெடிஞ்சுரும். எக்ஸ்போர்ட்டருங்க பல பேருக்கு நடந்த சங்கதி இது. அதனால இப்பவே பையருக்குச் சொல்லி வை, எங்க கணக்கு மாறாது, மாறினா மெயில் வராது, எங்க மாமா நேரா போன் பண்ணிச் சொல்லுவாருன்னு. என்ற இங்கிலீசை ஒருக்கா கேட்டான்னா, இந்தக் குரலை எந்தத் திருடனாலயும் பேசிக் காட்ட முடியாதுன்னு அவனுக்கே வெளங்கிரும்.